போட்டுக் கிழிக்க அது உங்கள் சட்டையா?

ஜாக்கெட் என்றதும் தையல்கடையும் அளவு பிளவுசும் ஞாபகம் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்தருளவும். இது அந்த ஜாக்கெட் இல்லை. ஹாலிவுட் படங்களில் போர் விமானிகள் போட்டுக்கொண்டு வருவார்களே, பழுப்புத் தோலில், இடுப்போடு நின்றுவிடுகிற, மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் வைத்த கோட்டு, அதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானிகள் போட்டிருந்த அசல் தோல் ஜாக்கெட்டுகளைத் தேடித் தேடி வாங்குவதற்கென்றே உலகம் பூராவும் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் தீராத சண்டை ஒன்றும் இருக்கிறது. வாங்கியதைப் போட்டுக்கொள்ளலாமா, பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டுமா?

போடலாம் என்கிற கட்சியின் வாதம் ஒற்றை வரிதான். "போடுவதற்குத்தானே தைத்தார்கள்?" கேட்கும்போது நியாயமாகத்தான் படும். குடையைச் செய்தது பிடிக்க, செருப்பைச் செய்தது நடக்க, சட்டையைத் தைத்தது போட. அதைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து மோந்து பார்ப்பவன் கஞ்சன். போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கிறவன் ரசிகன். இப்படி ஒரு சித்திரம் சுலபமாக உருவாகிவிடுகிறது. கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த ஒற்றை வரியில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. போடுவதற்குத்தான் தைத்தார்கள், சரி. யார் போடுவதற்கு?

முதலில் சரக்கு என்னவென்று பார்த்துவிடலாம்

இந்த வகையறாவுக்கு ராஜா ஏ-2. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931 மே 9 அன்று இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஏ-1இல் முன்பக்கம் பட்டன், கழுத்தில் பின்னல் காலர். ஏ-2இல் ஜிப் வந்தது, சட்டைக்கு இருப்பது மாதிரி தோல் காலர் வந்தது, காலர் நுனி காற்றில் படபடக்காமல் இருக்க அழுத்துப் பட்டன் வந்தது. முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பாக்கெட், தோளில் பட்டை. பெரும்பாலும் குதிரைத்தோல், ஆட்டுத்தோலில் தைத்ததும் உண்டு. உள்ளே கழுத்துக்குக் கீழே கையகல லேபிள். வகையின் பெயர், வரைபட எண் 30-1415, தைத்த கம்பெனியின் பெயர், கூடவே இது ராணுவ விமானப்படையின் சொத்து என்று ஒரு வரி.

ரஃப் வேர், ஏரோ லெதர், டூபோ, பெரி ஸ்போர்ட்ஸ்வேர், பிராங்கோ என்று பல கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்துத் தைத்தன. வரைபடம் ஒன்றுதான் என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி காலரின் கூர்மை மாறும், பாக்கெட் மூடியின் வளைவு மாறும், ஜிப் டாலனா கிரவுனா கான்மாரா என்பது மாறும். இதில் ஊறினவர்கள் பழைய போட்டோவில் காலரைப் பார்த்தே எந்தக் கம்பெனி தைத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

1943இல் விமானப்படைத் தலைவர் ஹாப் ஆர்னால்ட் தோல் ஜாக்கெட்டுக்கு இனி புது ஆர்டர் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு பி-10 என்ற துணி ஜாக்கெட் வந்தது. ஆக, போர்க்கால ஏ-2களின் கணக்கு எண்பது வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இருப்பது இருப்பதுதான். ஒன்று கிழிந்தால் ஒன்று குறையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குளிர் தாங்குவதில் ஏ-2 அப்படியொன்றும் சூரன் இல்லை. பி-17 குண்டுவீச்சு விமானம் 25,000 அடியில் போகும். உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது, நடுவில் துப்பாக்கி ஜன்னல் வழியாகக் காற்று நேராக உள்ளே வரும், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி, சமயத்தில் அதற்கும் கீழே. விரல் விறைத்துப்போய்ப் பிறகு வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. அந்த உயரத்துக்கு பி-3 என்ற கனத்த செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட்டும், பிற்பாடு மின்சாரத்தால் சூடாகும் உடைகளும் வந்தன. அப்படியானால் ஏ-2வை ஏன் உயிரைப்போல வைத்துக்கொண்டார்கள்? அது விமானி என்பதற்கான அடையாளம். தளத்திலும் அதுதான், ஊருக்குள் போகும்போதும் அதுதான். அதனால்தான் அதன் மேல் எழுதினார்கள், வரைந்தார்கள், தைத்தார்கள்.

தோலில் எழுதிய பதிவேடு

ஒரு ஏ-2வில் படிக்க என்னென்ன இருக்கும்?

இடது மார்பில் பெயர்ப்பட்டை. சின்னத் தோல் துண்டில் அழுத்திய எழுத்தில் ஒரு மனிதனின் பெயர். லைனிங்கிலோ காலருக்கு அடியிலோ சலவைக் குறி: குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும். நம்ம ஊர் சலவைக்காரர் மையில் குறி போடுகிற அதே சங்கதி, அதே காரணம். மார்பில் படைப்பிரிவின் சின்னம். முதுகில், இருந்தால், ஓவியம்: விமானத்தின் செல்லப்பெயர், ஒரு பெண், ஒரு கார்ட்டூன் மிருகம். அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன குண்டுகள். ஒரு குண்டு என்றால் ஒரு தாக்குதல்.

அந்தக் குண்டுகளை அலங்காரம் என்று நினைத்தால் அங்கேயே தப்பு. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க 8வது விமானப்படையில் ஒருவர் 25 தாக்குதல் முடித்தால் பணி முடிந்தது, ஊருக்குப் போகலாம். 1944இல் அதை 30 ஆக்கினார்கள், பிறகு 35. அந்தப் படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். முதுகில் 11 குண்டு வரைந்து அதற்கு மேல் வெற்றிடமாக நிற்கும் ஒரு ஜாக்கெட்டை யோசித்துப் பாருங்கள். 12வது ஏன் இல்லை? மாற்றல் வந்ததா, காயமா, சிறையா, சாவா? அந்த வெற்றிடம் ஒரு கேள்வி. அது துடைக்கப்படாமல் இருக்கும்வரைதான் பதிலைத் தேட முடியும். அதோடு கீழே இருந்தவர்களின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு குண்டும் ஒரு தெருவின் மேல், ஒரு தொழிற்சாலையின் மேல், ஒரு வீட்டின் மேல் விழுந்தது. அதைத் தெரிந்துகொண்டு யாராவது முதுகில் மாட்டிக்கொண்டு காபி குடிக்கப் போவார்களா?

1943 கடைசியில் ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு பி-17இல் இருந்து பிடிபட்ட விமானியின் முதுகில், அவர்கள் விமானத்தின் பெயர் எழுதியிருந்தது: "மர்டர் இங்க்". கொலைக் கம்பெனி என்று அர்த்தம். நியூயார்க் ரவுடிக் கும்பல் ஒன்றுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயரை விளையாட்டாக விமானத்துக்கு வைத்திருந்தார்கள். நாஜிப் பிரச்சாரக்காரர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதுகைப் போட்டோ எடுத்துப் பத்திரிகைகளில் போட்டு, "பாருங்கள், இவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்" என்றார்கள். ஒரு சட்டையின் முதுகு இரண்டு நாடுகளின் பிரச்சாரச் சண்டையில் சாட்சியாக நின்றது. வெறும் சட்டையாக இருந்தால் அது நடந்திருக்குமா?

இந்தியாவுக்கும் இதில் ஒரு இழை உண்டு. சீனா, பர்மா, இந்தியா மூன்றையும் சேர்த்து ஒரே போர்க்களமாக வைத்து அமெரிக்கர்கள் அசாமிலிருந்து இமயமலைத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோனார்கள். அந்தக் களத்தின் தோள்சின்னத்தில் ஒரு பக்கம் சீனச் சூரியன், ஒரு பக்கம் இந்திய நட்சத்திரம். அந்தச் சின்னங்களில் ஏராளமானவை இங்கே உள்ளூர்க் கைவினைஞர்கள் கையால் செய்தவை. சிலது வண்ணத்தோலை வெட்டி ஒட்டித் தைத்தது, சிலது ஜரிகை வேலை. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் கைவேலை மட்டும் ஏதோ ஒரு அமெரிக்க விமானியின் ஜாக்கெட்டில் இன்னும் இருக்கிறது. முதுகில் இன்னொரு துணியும் இருக்கலாம்: சீனக் கொடியும், இந்த வெளிநாட்டுக்காரன் போரில் உதவ வந்திருக்கிறான், காப்பாற்றுங்கள் என்ற பொருளில் சீன எழுத்துகளும். விமானம் விழுந்து, பாஷை தெரியாத ஊரில் உயிரோடு இறங்கினால் காட்ட வேண்டிய கடிதம் அது. அதை "கூலான பேட்ச்" என்று வர்ணிக்கிறவர்களை என்ன சொல்ல?

காகிதம் எரிந்துபோனது, தோல் மிஞ்சியது

"இந்த விவரமெல்லாம்தான் அரசாங்க ஃபைலில் இருக்குமே, ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலானது.

1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் ராணுவ ஊழியர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி ஃபைல்கள் வரை போயின. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஃபைல்களில் சுமார் 80 சதவீதம் சாம்பல். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படை தனிப்படை அல்ல, ராணுவத்தின் ஒரு பகுதி. ஆகவே அந்த விமானிகளின் ஃபைல்களும் இதே குவியலில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு ஒரு விமானப்படைக்காரனின் கதையைச் சேர்க்க வேண்டுமானால் துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டும். காணாமல் போன விமானங்களைப் பற்றிய அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் தப்பியிருக்கின்றன. சிப்பாய்களாகச் சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் ராணுவ எண்கள் கணினியில் தேடும்படி கிடைக்கின்றன. இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சாவி ஒரு பெயர், அல்லது ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது? மார்புப் பட்டையிலும், லைனிங்கில் மங்கிக்கொண்டிருக்கும் அந்த மைக்குறியிலும். உங்கள் கழுத்து வியர்வை தினமும் ஊறுகிற அதே இடத்தில்.

தேய்மானம் என்பது கையெழுத்து

"ஏற்கெனவே தேய்ந்துபோன சாமான்தானே, இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் என்ன?" இது அடுத்த வாதம். இதுதான் இருப்பதிலேயே மோசமான வாதம்.

அந்த ஜாக்கெட்டின் மதிப்பே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. தோளில் பாராசூட் வார் உரசிய தடம், முழங்கை மடிப்பு, ஒரு பாக்கெட்டின் ஓரம் மட்டும் கறுத்திருப்பது, காலரின் ஒரு நுனி அதிகமாக வளைந்திருப்பது, எல்லாமே குறிப்பிட்ட ஒரு உடம்பு குறிப்பிட்ட சில வருஷங்களில் விட்டுப்போன கையெழுத்து. அதன் மேல் இன்னொருவர் போட்டுத் தேய்ப்பது கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கிற காரியம். அடித்தவர் "கோயிலைத்தானே சுத்தம் செய்தேன்" என்பார். இவர் "சட்டையைத்தானே போட்டேன்" என்கிறார். இரண்டு பேருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இரண்டு பேருக்கும் பிறகு படிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

இனி கொஞ்சம் லௌகீகம். குதிரைத்தோல் பலமானது, சீக்கிரம் கிழியாது, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஜாக்கெட் என்பது தோல் மட்டும் இல்லையே. எண்பது வருஷத்துப் பருத்தி நூல் தையல் வழியே விட்டுக்கொடுக்கும். மணிக்கட்டுக் கம்பளிப் பின்னலைப் பூச்சி அரித்திருக்கும். லைனிங் அக்குளில் இற்றுப்போயிருக்கும். ஜிப்பின் உலோகம் நன்றாகவே இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் துணிநாடா பிய்ந்துவரும். உடம்புக்கு ஒரு சைஸ் சின்னதாக இருக்கிற ஜாக்கெட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கையைத் தூக்கினால் கைக்குழியில் "டர்ர்". பி-3, பிரிட்டிஷ்காரர்களின் இர்வின் போன்ற செம்மறியாட்டுத் தோல் வகைகள் இன்னும் பாவம். அந்தத் தோல் காய்ந்து, அப்பளம் மாதிரி உடையத் தயாராக இருக்கும்.

கிழிந்ததும் என்ன செய்வார்கள்? தைக்கக் கொடுப்பார்கள். புதுப் பின்னல், புது லைனிங், புது ஜிப். பழைய லைனிங் குப்பைக்குப் போகும். சலவைக் குறியும் கூடவே போகும். கழற்றிய ஜிப் எந்தக் கம்பெனி என்பதை யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. ஐந்து வருஷம் போட்ட சந்தோஷத்துக்கு விலை, ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க இருந்த கடைசித் தடயம்.

"போட்டால்தான் தோல் உயிரோடு இருக்கும், உடம்பு எண்ணெய் அதற்கு நல்லது" என்று ஒரு பாட்டி வைத்தியமும் உலாவுகிறது. அதில் உண்மை இல்லை. உடம்பிலிருந்து எண்ணெய் மட்டுமா வருகிறது? உப்பும் அமிலமும் சேர்ந்துதான் வருகின்றன. இரண்டும் தோலுக்கும் நூலுக்கும் விஷம். கடையில் விற்கும் தோல் எண்ணெய்களையும் மெழுகுகளையும் பழைய தோலில் தடவாதீர்கள் என்றுதான் பாதுகாப்பு நிபுணர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். தூசியை இழுத்துப் பிடிக்கும், நிறத்தைக் கறுக்கவைக்கும், ஓவியத்தின் வண்ணத்தை இளக்கும். பழைய தோலுக்கு வேண்டியது இருட்டு, மிதமான குளிர்ச்சி, சீரான ஈரப்பதம், தோள்பட்டை அமுங்காத பஞ்சு வைத்த ஹேங்கர் அல்லது சமதளத்தில் ஓய்வு. கிட்டத்தட்ட ரிட்டயர்டு தாத்தாவுக்கு வேண்டியவைதான்.

"பறக்கத்தானே செய்தார்கள்?"

இதே தர்க்கம் ஜாக்கெட்டோடு நிற்கவில்லை, அந்த விமானங்களுக்கும் உண்டு. விமானம் பறக்கத்தானே, அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அது பிணம் என்பார்கள். 2019 அக்டோபரில் பயணிகளோடு பறந்த ஒரு பழைய பி-17 கனெக்டிகட்டில் விழுந்தது, ஏழு பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் விமானக் காட்சியில் "டெக்சாஸ் ரெய்டர்ஸ்" என்ற பி-17 இன்னொரு பழைய போர் விமானத்தோடு மோதியது, ஆறு பேர் இறந்தார்கள். 1943 மே மாதம் 25 தாக்குதல்களை முடித்துப் பேர் வாங்கிய "மெம்பிஸ் பெல்" மட்டும் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் சிவனே என்று நிற்கிறது. 2018இல் புதுப்பித்து மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அதைப் பார்த்து யாரும் "பிணம்" என்று சொல்வதில்லை.

ஜாக்கெட் விழுந்தால் யாரும் சாகப்போவதில்லை, ஒப்பீடு அந்த அளவுக்குத்தான். ஆனால் தர்க்கம் ஒன்றே. மிச்சமிருப்பதை உபயோகித்துத் தீர்ப்பதுதான் மரியாதை என்ற தர்க்கம்.

துணிமணி உலகத்திலும் இதே கூத்து நடந்தது. 1962இல் மர்லின் மன்றோ ஜனாதிபதி கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடும்போது போட்டிருந்த கவுனை, 2022 மே மாதம் கிம் கர்தாஷியன் ஒரு விழாவில் சில நிமிஷம் போட்டுக்கொண்டு நடந்தார். சேதமாகிவிட்டது என்று ஒரு தரப்பு, இல்லவே இல்லை என்று கவுனை வைத்திருக்கும் நிறுவனம். சேதத்தை விடுங்கள். சர்வதேச அருங்காட்சியக மன்றத்தின் உடைப் பிரிவு, சரித்திர உடைகளை யாருமே போடக்கூடாது என்று அறிக்கை விட்டது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. படியேறி முடித்ததும் கர்தாஷியன் அசலைக் கழற்றிவிட்டு நகலை மாட்டிக்கொண்டார். மிச்ச ராத்திரி முழுக்க நகல்தான். அப்படியென்றால் அந்த முதல் சில நிமிஷம் எதற்கு?

பெட்டிக் கட்சிக்கும் கொஞ்சம் பூசை

இவ்வளவும் கேட்டுவிட்டு சேகரிப்பாளர்கள் கைதட்டிக் கிளம்ப வேண்டாம். அவர்களில் எல்லாரும் உத்தமர்கள் இல்லை.

ஒன்றுமில்லாத ஜாக்கெட்டின் முதுகில் புதிதாக ஓவியம் தீட்டி, பழசு மாதிரி தேய்த்து, விலையை ஏற்றுகிறவன் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான். சைஸ் நல்லதாக இருக்கிற ஜாக்கெட்டுக்கு வேறொரு ஜாக்கெட்டின் பெயர்ப்பட்டையைப் பிரித்துத் தைக்கிறவனும் இங்கேதான். ஒரு மனிதனின் பெயரை அவன் தொட்டே இராத தோலில் தைப்பது, போட்டுத் தேய்ப்பதைவிட பத்து மடங்கு பாவம். தேய்த்தவன் ஒரு பக்கத்தை அழித்தான். இவன் பொய்ப் பக்கம் எழுதி நடுவில் செருகுகிறான். அடுத்து படிக்கிற எல்லாரும் அதை நம்புவார்கள்.

பிறகு வெறும் முதலீட்டுப் பேர்வழிகள். வாங்கினார், பூட்டினார், விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். பெயர்ப்பட்டையில் இருப்பது யார் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து தேடியதில்லை. லைனிங்கைப் புரட்டிப் பார்த்ததில்லை. அவர் அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறது, பேங்க் லாக்கரில் நகை இருப்பதுபோல. வரலாற்றுக்காகச் சேர்க்கிறேன் என்று இவர் சொல்லிக்கொள்வதுதான் தாங்கவில்லை.

சேர்ப்பது என்றால் அதற்கு வேலை இருக்கிறது. உள்ளும் புறமும் போட்டோ எடுப்பது, லேபிளையும் ஜிப்பையும் அளவுகளையும் குறித்து வைப்பது, பெயரைத் தேடுவது, குடும்பம் கிடைத்தால் சொல்வது, பேட்ச் பிரிந்தால் அதை வேறெங்கும் தைக்காமல் அதனுடனேயே வைப்பது, கடைசியில் நல்ல அருங்காட்சியகத்துக்கோ இதே வேலையைச் செய்யும் அடுத்த ஆளுக்கோ கைமாற்றிக் கொடுப்பது. இதைச் செய்கிறவர்தான் சேகரிப்பாளர். மற்றவர்கள் வியாபாரிகள். வியாபாரம் குற்றமில்லை, பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அப்போ போடவே கூடாதா?

தாராளமாகப் போடலாம், நகலை. இந்த விஷயத்தில் நகல் என்றால் ஏதோ பிளாட்பாரச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ், பிரிட்டனில் ஈஸ்ட்மன், ஏரோ லெதர் என்று பல கம்பெனிகள் பழைய ஜாக்கெட்டுகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, அதே வடிவம், அதே மாதிரி தோல், அதே மாதிரி ஜிப் என்று தைக்கின்றன. இது முடிந்ததற்குக் காரணம் யார்? அசலைப் போட்டுக் கிழிக்காமல் வைத்திருந்தவர்கள். பெட்டியில் கிடந்த ஒரு ஜாக்கெட்டிலிருந்து ஆயிரம் பேர் முதுகுக்கு ஜாக்கெட் பிறந்திருக்கிறது. போட்டுத் தீர்த்த ஜாக்கெட்டிலிருந்து ஒன்றும் பிறக்கவில்லை.

வில்லியம் கிப்சன் 2003இல் எழுதிய பேட்டர்ன் ரெகக்னிஷன் நாவலில் கதாநாயகி கறுப்பு நிற பஸ் ரிக்சன்ஸ் எம்ஏ-1 ஜாக்கெட் போட்டிருப்பாள். அந்தக் கம்பெனி அப்போது கறுப்பில் அதைச் செய்யவே இல்லை. நாவலைப் படித்தவர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் செய்தே விட்டார்கள். உலகத்தில் இல்லாத ஜாக்கெட்டையே தைத்துத் தருகிற காலத்தில், இருக்கும் கொஞ்சத்தைத்தான் போட்டுத் தீர்ப்பேன் என்று அடம்பிடிப்பது எதில் சேர்த்தி? அமெரிக்க விமானப்படையே 1988இல் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோது பழையதைத் தூசி தட்டி எடுக்கவில்லை. ஆட்டுத்தோலில் புதிதாகத் தைத்துக் கொடுத்தது.

"நகலில் அந்த ஃபீல் வராது" என்பார்கள். அந்த ஃபீல் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். தோல் அதே, கனம் அதே, சத்தம் அதே. வராதது ஒன்றுதான்: இன்னொருத்தன் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த கெத்து. அதைத்தான் மாட்டிக்கொள்ள ஆசை. 25 குண்டு வரைந்த முதுகோடு நடக்கும்போது பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே, அந்தப் பார்வை உங்களுக்கு இல்லை. அது அந்த விமானிக்கு வந்த பார்வை, நீங்கள் நடுவில் வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஜாக்கெட்டில் இருப்பதை யாரும் படிப்பதில்லை என்றும் நினைக்க வேண்டாம். 1986இல் வந்த டாப் கன் படத்தில் டாம் க்ரூஸ் போட்டிருந்த கடற்படை ஜி-1 ஜாக்கெட்டின் முதுகில், யுஎஸ்எஸ் கால்வெஸ்டன் கப்பல் 1963-64இல் கிழக்காசியாவுக்குப் போய்வந்ததைக் குறிக்கும் பேட்ச் இருந்தது. அதில் ஜப்பான், தைவான் கொடிகளும் உண்டு. அடுத்த பாகத்தின் டிரெய்லர் 2019இல் வந்தபோது அந்த இரண்டு கொடிகளும் மாறியிருந்தன. உலகம் முழுக்கக் கூச்சல். 2022இல் படம் வந்தபோது பழைய கொடிகள் திரும்பிவிட்டன. சினிமாவுக்காகத் தைத்த ஒரு உடையில் இரண்டு சின்னக் கொடி மாறியதற்கு இவ்வளவு. நிஜ ஜாக்கெட்டில் நிஜப் பெயர் அழிவதற்கு மட்டும் ஏன் யாருக்கும் கூச்சலே வருவதில்லை?

விதிவிலக்கு கிடையாதா? உண்டு. போரிலிருந்து திரும்பிய பலர் அதே ஜாக்கெட்டை வீட்டில் புல் வெட்டும்போதும் கார் ரிப்பேர் செய்யும்போதும் போட்டார்கள். அது அவர்கள் சட்டை, அந்தப் பெயிண்டுக் கறையும் அவர்கள் கதையில் சேர்த்திதான். அப்பாவின் ஜாக்கெட்டை மகள் ஒரு நினைவு நாளில் தோளில் போர்த்திக்கொண்டால் அதைத் தடுக்க யாருக்கும் வாயில்லை. பெயர் இல்லாமல், குறி இல்லாமல், லைனிங்கிலிருந்து ஜிப் வரை ஏற்கெனவே மாற்றித் தைத்துவிட்ட ஜாக்கெட்டையும், லட்சக்கணக்கில் வந்த பிற்கால நைலான் எம்ஏ-1களையும் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். சண்டை பெயர் உள்ளதைப் பற்றித்தான். படிக்க ஏதாவது மிச்சம் இருப்பதைப் பற்றித்தான்.

மற்றவர்கள் நல்லதாக ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகில் யாரோ போட்ட குண்டுகளை வரையாதீர்கள். மார்பில் பட்டை வேண்டுமென்றால் உங்கள் பெயரையே பொறித்துக்கொள்ளுங்கள். மழையில் போங்கள், பைக்கில் போங்கள், முழங்கையில் தேயட்டும், பாக்கெட் ஓரம் கறுக்கட்டும். நாற்பது வருஷம் கழித்து அதை எடுத்துப் பார்க்கிற பேரனுக்கு அதில் படிக்க ஏதாவது இருக்கும். அதுவும் உங்களைப் பற்றி.

டிஸ்கி: நல்ல நகல் சல்லிசு இல்லை, பர்ஸ் கதறும் என்பது உண்மைதான். ஆனால் பெயரோடும் ஓவியத்தோடும் கிடைக்கிற அசலின் விலையைக் கேட்டால் அந்த அழுகை நின்றுவிடும்.